ஊட்டிக்குப் போகாத காசு எங்க போச்சு?

2025 மே மாசம் நடந்த கதை இது. எழுதணும் எழுதணும்னு இழுத்துக்கிட்டே வந்து இப்போ டிசம்பர் வந்திருச்சு. எடப்பாடியில சின்னதா ஒரு பிளக்ஸ் கடை வச்சிருக்கேன், பேனர், நோட்டீஸ், காதுகுத்து பத்திரிகை எல்லாம் அடிப்போம், இப்போ ரெண்டு மூணு வருஷமா கடைக்காரங்களுக்கு பேஸ்புக் இன்ஸ்டாகிராம் விளம்பரமும் போட்டுக் கொடுக்கறேன். அதனால எங்க போனாலும் மொதல்ல போர்டைத்தான் பாப்பேன், வீட்டுல இதுக்கு தினமும் திட்டு விழும்.

பசங்களுக்கு லீவு விட்டதும் ஊட்டி போலாம்னு பேச்சு ஆரம்பிச்சுது. நான், வீட்டுக்காரம்மா, ரெண்டு பசங்க, எங்கம்மா, மொத்தம் அஞ்சு பேரு. 2024 மே 7ல இருந்தே ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் ஐகோர்ட் உத்தரவுல இ-பாஸ் வந்திருச்சு இல்ல, 2025 சீசனுக்கு அதுலயும் எண்ணிக்கை வச்சுட்டாங்க, நீலகிரிக்கு வாரநாள்ல 6,000 வண்டி, சனி ஞாயிறு 8,000. சரி பாஸ் எடுத்துக்கலாம்னு வைங்க, அது பெரிய விஷயம் இல்ல. செலவு கணக்கு போட்டதுதான் தப்பா போச்சு. காலண்டர் தாள் கிழிச்சு பின்பக்கம் எழுதுனோம், ரெண்டு ரூம் ரெண்டு ராத்திரிக்கு 14,000, டீசல் 4,000, சாப்பாடு 5,000, டிக்கெட்டு, போட்டிங், வர்க்கி, சாக்லேட்னு ஒரு 4,000. ஆக 27,000.

வீட்டுக்காரம்மா அந்த தாளை வாங்கி கீழ ஒரே ஒரு வரி எழுதுனாங்க. "ஜூன் - ஸ்கூல் பீஸ்." அவ்வளவுதான், ஊட்டி முடிஞ்சுது.

இத கவனிச்சீங்களா, நம்ம ஊர்ல சுற்றுலாவுக்கு பெரிய போட்டி இன்னொரு ஊரு கிடையாது, ஜூன் மாசம்தான். பீஸு, நோட்டு, யூனிபார்மு, வேன் அட்வான்ஸ் எல்லாம் ஒரே வாரத்துல வந்து நிக்கும், அதுக்கு முந்தின மாசம்தான் லீவு. அமெரிக்காவுல 2008ல பொருளாதாரம் படுத்து பெட்ரோல் விலை ஏறுனப்போ ஸ்டேகேஷன்னு ஒரு வார்த்தை பரவுச்சாம், ஊரை விட்டுப் போகாம பக்கத்துலயே லீவு போடறது. நம்ம வீட்டுல அதுக்கு பேரெல்லாம் இல்ல, "சும்மா பக்கத்துல போயிட்டு வரலாம்"னு சொல்லுவோம், அந்த சும்மாவுக்குள்ள எவ்வளவு வியாபாரம் இருக்குன்னு எனக்கே அந்த மாசம்தான் புரிஞ்சுது.

மொதல்ல போனது பூலாம்பட்டி. எங்க கடையில இருந்து பத்து பன்னெண்டு கிலோமீட்டர் இருக்கும், கல்யாணம் ஆகி பதினாலு வருஷத்துல ஆத்தோரம் காரியத்துக்குத்தான் போயிருக்கோம், சுத்திப் பாக்கன்னு ஒரு நாள் போனதில்ல. அந்தக் கரையில நெரிஞ்சிப்பேட்டை, ஈரோடு மாவட்டம், இந்தக் கரையில பூலாம்பட்டி, சேலம் மாவட்டம், நடுவுல காவிரி. கதவணை கட்டி கரண்டு எடுக்கறாங்க, அதனால தண்ணி எப்பவும் தேங்கி நிக்கும், சுத்தி மலை, கரையில தென்னை, அதான் குட்டி கேரளான்னு பேரு வந்துச்சு. படகுல அக்கரைக்குப் போயிட்டு வரலாம். அந்த ஊர்க்காரங்களுக்கு அது பஸ்ஸு மாதிரி, வேலைக்குப் போறவங்க பைக்கோட ஏறுவாங்க, நமக்குத்தான் அது டூரு.

எங்கம்மா காலையிலயே புளிசோறு கட்டிட்டாங்க, கூட உருளைக்கிழங்கு, அப்பளம். இங்கதான் எனக்கு மொத பாடம். ஆத்தோரம் ரெண்டு மூணு மீன் கடை பக்கம் போய் உக்காரலாமான்னு பாத்தா தூக்குவாளியப் பாத்ததுமே மூஞ்ச திருப்பிக்கிட்டாங்க, ஒருத்தரு நேராவே "வெளிசோறு இங்க சாப்பிடக் கூடாதுங்க"ன்னுட்டாரு. தள்ளி ஒரு தகர ஷெட்டு, ஒரு அக்கா கல்லுல மீன் போட்டுக்கிட்டு இருந்தாங்க, எங்கம்மாவ பாத்து "வாங்கம்மா, சோறு கொண்டாந்திருந்தா இங்க உக்காந்து சாப்பிடுங்க, தட்டு தர்றேன், மீனு மட்டும் எங்கிட்ட வாங்கிக்குங்க"ன்னாங்க. உக்காந்தோம். அரைக்கிலோ போதும்னு ஆரம்பிச்சு ஒன்றரை கிலோவுல முடிஞ்சுது, கட்லா, ஜிலேபி, பெரியவன் கேட்டான்னு கெளுத்தி கொழம்பு வேற, அப்புறம் டீ. பூலாம்பட்டியில அன்னைக்கு செலவு பண்ணுன 850 ரூபாயில முக்காவாசிக்கு மேல அந்த ஒரு ஷெட்டுலதான்.

அந்த மூஞ்சிய திருப்புன கடைக்காரங்க கணக்கு என்னன்னா, சோறு கட்டிட்டு வர்றவன் காசு செலவு பண்ண மாட்டான். தப்புங்க. அவன் சோத்துக்குத்தான் செலவு பண்ண மாட்டான். வீட்டுல அஞ்சு பேருக்கு சோறு ஆக்கிட்டு வந்தா ஓட்டல்ல ஒரு ஆயிரம் மிச்சம், அந்த ஆயிரம் பையிலயே இருக்கு, மிச்சம் புடிச்ச சந்தோஷத்துல வேற இருக்கு, அத எடுக்க வைக்கறதுக்கு ஒரு நெழலு, ஒரு பாயி, கை கழுவ தண்ணி போதும்.

இன்னொன்னும் அங்க பாத்தேன். டவுன் பஸ்ல வந்து எறங்கறது பூரா பொம்பளைங்க கூட்டம், அக்கா தங்கச்சி, நாத்தனாரு, பக்கத்து வீடு, கூட ஆளுக்கு ரெண்டு புள்ளைங்க. 2021 மே மாசத்துல இருந்து சாதா டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட்டு கிடையாது இல்லையா, அப்போ வந்து போற செலவு பூஜ்யம். தறி ஓட்டற வீடுங்க இந்தப் பக்கம் ஜாஸ்தி, வாரக்கூலி, கையில 300 ரூபா 400 ரூபா வச்சுக்கிட்டு சாயந்தரம் ஆத்தோரம் காத்து வாங்க வர்றாங்க. ஆம்பள வந்தா கார் நிறுத்தற எடம் பாப்பான், இவங்க என்ன தேடுறாங்கன்னா பாத்ரூமு. அது கெடைக்கலைன்னா ஒரு மணி நேரத்துல பஸ் ஏறிடுவாங்க, கெடைச்சா இருட்டுற வரைக்கும் இருப்பாங்க, இருந்தா பஜ்ஜி, பொரி, ஐஸு, மறுபடியும் டீ. அக்கா ஷெட்டுக்குப் பின்னாடி அவங்க வீட்டு பாத்ரூமு இருந்துச்சு, கேட்டா மட்டும் விடுவாங்க, எங்கம்மா கேட்டாங்க. கேக்க கூச்சப்பட்டவங்க எத்தன பேரு கெளம்பிப் போனாங்களோ.

ரெண்டாவது ஏற்காடு. சேலத்துல இருந்து முப்பது கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவு, இ-பாஸ் தொல்லை இல்ல. போற வழியில தாரமங்கலம் கைலாசநாதர் கோயில்ல எறங்குனோம், அங்க ஒரு தூண்ல ராமர் வில்லோட நிப்பாரு, அங்க இருந்து பாத்தா வாலி சுக்ரீவன் சண்டை போடற தூண் தெரியும், வாலி பக்கம் போய் நின்னு பாத்தா ராமர் தெரிய மாட்டாரு. பசங்க ரெண்டும் இந்தத் தூணுக்கும் அந்தத் தூணுக்கும் ஒரு முக்கால் மணி நேரம் ஓடுனாங்க, பைசா செலவில்ல, அந்த மாசத்துலயே பசங்களுக்கு ரொம்பப் புடிச்சது அதுதான்னு இன்னைக்கும் சொல்றாங்க. வெளிய வந்ததும் பசி, கோயில் பக்கத்துல "குழந்தைகளுக்கு இட்லி, பால், டிபன் இப்போ கிடைக்கும்"னு ஒரு போர்டு கண்ணுல பட்டிருந்தா நின்னுருப்போம், படல, நேரா சேலம் போய்த்தான் சாப்பிட்டோம். மலை ஏறுறவங்க பாதிப்பேரு நம்ம வாசல் வழியாத்தான் போறாங்கன்னு அந்தத் தெருவுல யாருக்காவது தோணியிருக்கணுமே.

ஏற்காட்டுலதான் வயித்தெரிச்சல். பேரு வேணாம், ஒரு ரிசார்ட்டு, "டே அவுட்டிங் 699 மட்டும்"னு போன்ல விளம்பரம் பாத்தோம். தலைக்குன்னு சின்ன எழுத்துல. சரின்னு போனா நீச்சல் குளத்துக்கு தனி டிரெஸ்ஸு வாடகை, அதுக்கப்புறம் டேக்ஸு, எங்கம்மா குளத்துல எறங்கப் போறதில்ல ஆனா அவங்களுக்கும் முழுக்காசு, பையில இருந்த முறுக்கு டப்பாவ கேட்டுலயே வாங்கி வச்சுட்டாங்க. அன்னைக்கு மட்டும் 5,100 ரூபா. சண்டை போட மனசில்ல, பசங்க துண்ட கழுத்துல போட்டுக்கிட்டு நிக்கறாங்க, குடுத்துட்டு உள்ள போனோம். மத்தியான சாப்பாடு நல்லாத்தான் இருந்துச்சு, இல்லைன்னு சொல்ல மாட்டேன், ஆனா காசு குடுத்த கடுப்புல ருசி தெரியல.

இப்போ விளம்பரக்காரனா யோசிச்சுப் பாருங்க. பெங்களூர்ல இருந்து வர்றவன ஏமாத்துனா அவன் போயிடுவான், மறுபடி வர மூணு நாலு வருஷம் ஆகும், அதுக்குள்ள மறந்தும் போயிடுவான். எடப்பாடிக்காரன் அப்படி இல்ல. திங்கக்கிழமை கடை தொறந்ததுல இருந்து எங்கிட்ட பேனர் அடிக்க வந்த எல்லார்கிட்டயும் அந்த ரிசார்ட்டு கதைய சொன்னேன், வீட்டுக்காரம்மா ஸ்கூல் வாட்ஸாப் குரூப்புல சொன்னாங்க, எங்கம்மா கோயில்ல சொன்னாங்க. அந்த 5,100ஐ வாங்குனவங்க எங்க தெருவையே இழந்தாங்க. நேர்மாறா மீன்கடை அக்காகிட்ட அந்த லீவுலயே இன்னும் ரெண்டு தடவ போனோம், ஒரு தடவ மச்சான் குடும்பத்தோட. பக்கத்தூர்க்காரன் ஒரு தடவைக்கு கொஞ்சமாத்தான் குடுப்பான், ஆனா வருஷத்துக்கு நாலஞ்சு தடவ குடுப்பான், வரும்போது ஆள கூட்டிக்கிட்டு வருவான். இத ஒரு சீசன் கணக்குல பாத்தா தெரியாது.

மூணாவதா மேட்டூரு. பார்க்கு, டேமு, மீனு, 1,600 ரூபாயில முடிஞ்சுது, அதப் பத்தி நீளமா சொல்ல ஒன்னுமில்ல. ஒரே ஒரு விஷயம். நாங்க போயிட்டு வந்தப்புறம், ஜூன் 29ஆம் தேதி டேமு 120 அடி நிரம்புச்சு, உபரித் தண்ணிய பதினாறு கண் மதகு வழியா தொறந்து விட்டாங்க, அதப் பாக்க சுத்துப்பட்டுல இருக்கற சனம் பூரா அங்க. தண்ணி ஜாஸ்தியா வந்தா பூலாம்பட்டியில படக நிறுத்திடுவாங்க, ஒகேனக்கல்ல பரிசலுக்கும் தடை போட்டுருவாங்க, அப்போ அங்க போக இருந்த கூட்டமும் இங்கதான் திரும்பும். தினத்தந்தியிலயும் தினமலர்லயும் நீர்மட்டம்னு தெனமும் ஒரு கட்டம் வருதே, விவசாயி பாக்கறாரு, ஆனா எனக்குத் தெரிஞ்ச ஒரு கடைக்காரரும் அத வியாபார காலண்டரா பாக்கறதில்ல. 118 அடின்னு போடும்போதே சோளக்கருது, பஜ்ஜி மாவு, தண்ணி கேனு எல்லாம் தயாரா இருக்கணும், "நாளைக்கு பதினாறு கண் தொறக்கலாம், வண்டி நிறுத்த எங்ககிட்ட எடம் இருக்கு"ன்னு அன்னைக்கு சாயந்தரமே ஸ்டேட்டஸ் போட்டுருக்கணும். ஆடி பதினெட்டுக்கு மட்டும் எல்லாரும் முன்னாடியே கடை போட்டுருவாங்க, ஏன்னா அது காலண்டர்லயே போட்டிருக்கு.

லீவு முடிஞ்சு கணக்கு பாத்தேன். பூலாம்பட்டி மூணு தடவையும் சேத்து 2,300, ஏற்காடு 5,100, மேட்டூர் 1,600, மொத்தம் 9,000. ஊட்டிக்கு போகாததால 18,000 மிச்சம்னு சொல்லிக்கலாம், ஆனா எனக்கு மண்டைய கொடஞ்சது அந்த 9,000தான். அதுல அஞ்சாயிரத்துக்கு மேல மறுபடி போகவே கூடாதுன்னு முடிவு பண்ணுன எடத்துக்குப் போயிருக்கு. நல்லா பாத்துக்கிட்ட அக்காவுக்கு ஒரு ஆயிரத்து சொச்சம். ஏன் அப்படி? அந்த ரிசார்ட்டு என் போனுக்கே வந்து நின்னுச்சு, அக்கா கடைய கூகுள் மேப்ல தேடுனாலும் கெடைக்காது.

அதனால ஜூலை மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை போய் அக்காகிட்ட பேசுனேன். மொதல்ல மேப்ல கடைய சேத்தேன், அதுக்கு காசு கிடையாது, போன் நம்பரும் தொறக்கற நேரமும் போட்டாலே பாதி வேலை முடிஞ்சுது. போட்டோ எடுக்கும்போது அக்கா ஆத்த எடுங்க தம்பி, சூரியன் மறையுறத எடுங்கன்னாங்க. ஆறு எல்லார் போட்டோவுலயும் இருக்குக்கா, நான் ஒங்க கை கழுவற எடத்த எடுக்கறேன்னேன், என்ன ஒரு மாதிரி பாத்தாங்க. அப்புறம் கடைக்கு முன்னாடி ஒரு போர்டு, ஆறடிக்கு நாலடி சைஸு, மீன் படம் கூட சின்னதாத்தான். எழுதுனது இவ்வளவுதான்: சோறு நீங்க கொண்டு வரலாம். மீன் விலை இந்த போர்டுல இருக்கறதுதான், அதுக்கு மேல இல்ல. தண்ணி, தட்டு இலவசம். பெண்களுக்கு பாத்ரூம் வசதி உண்டு. கீழ ஒரு கட்டத்துல விலைய சாக்பீஸ்ல எழுதிக்கற மாதிரி கருப்பா விட்டுட்டேன், ஏன்னா மீன் விலை தெனமும் மாறும்.

ஒரு மாசம் கழிச்சு அக்கா போன் பண்ணி "தம்பி, மீனுக்கு வண்டி நிக்கல, பாத்ரூமுக்கு நிக்குது, நின்னவங்க மீன் வாங்கறாங்க"ன்னு சிரிச்சாங்க. பக்கத்து கடைக்காரரும் அதே மாதிரி போர்டு வேணும்னு வந்தாரு, பாத்ரூம் இருக்கான்னு கேட்டேன், "அத மட்டும் விட்டுட்டு அடிங்க"ன்னாரு. அடிச்சுக் குடுத்தேன், தொழில் இல்லையா.

சனிக்கிழமை காலையில அக்கா பொண்ணு வாட்ஸாப்ல அன்னைக்கு வந்த மீன போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போடுது, வந்துட்டுப் போனவங்க நம்பர வாங்கி வச்சுக்குது. இதுக்கு மேல ஒரு பைசா விளம்பரம் பண்ணல. பண்ணணும்னா பேஸ்புக் மேப்ல எடப்பாடி மேல பின் வச்சு சுத்தி இருபத்தஞ்சு கிலோமீட்டர்னு குடுத்து வெள்ளி, சனி சாயந்தரம் மட்டும் ஓட்டுனா போதும், ஏன்னா பக்கத்துல போறவங்க ஒரு மாசம் முன்னாடியெல்லாம் முடிவு பண்றதில்ல. எங்க வீட்டுல ஏற்காடு போறது சனிக்கிழமை ராத்திரி தோசை ஊத்தும்போதுதான் முடிவாச்சு, அதுவும் தோசை ஊத்துனவங்க பண்ணுன முடிவு. அந்த நேரத்துக்கு அவங்க கையில இருக்கற போன்ல மொத்தமா அஞ்சு பேருக்கு எவ்வளவு ஆகும்ங்கற ஒரே நம்பரு தமிழ்ல தெரியணும், தலைக்கு இவ்வளவு, டேக்ஸ் தனின்னா அடுத்தத தள்ளிடுவாங்க. செப்டம்பர் 22ல இருந்து 7,500 ரூபாய்க்குள்ள இருக்கற ரூமுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்துல இருந்து 5 ஆச்சு, மலை மேல இருக்கற எந்த லாட்ஜாவது "வரி குறைஞ்சுது, வாடகையும் குறைச்சுட்டோம்"னு ஒரு பேனர் கட்டியிருந்தா நான் பாக்கல, பாத்திருந்தா கண்டிப்பா நின்னு படிச்சிருப்பேன்.

இதுல லாட்ஜும் ஓட்டலும் மட்டும் இல்ல. எங்க பஸ் ஸ்டாண்டு பக்கத்து பேக்கரிக்காரர்கிட்ட சொல்லிப் பாத்தேன், அஞ்சு பப்ஸு, அஞ்சு கேக்கு, ஒரு மிக்சர் பாக்கெட்டு, ஒரு தண்ணி பாட்டில், எல்லாம் ஒரே டப்பாவுல போட்டு "பூலாம்பட்டி பாக்ஸ்"னு வெள்ளிக்கிழமையில இருந்து கண்ணாடிக்குள்ள வைங்கன்னு. காலாண்டு லீவுல வச்சாரு. மொத நாள் நாலு போச்சாம், கடைசி ஞாயிறு மத்தியானத்துக்குள்ள தீந்து போச்சாம். டூவீலர் மெக்கானிக் ஒருத்தர் "மலைக்குப் போறீங்களா, பிரேக் பாத்துட்டுப் போங்க, 50 ரூபா"ன்னு பேனர் கேட்டாரு, அது அவரோட ஐடியாவே, எனக்கு பொறாமையா இருந்துச்சு.

போன வாரம் ஏற்காட்டுல இருந்து ஒரு லாட்ஜுக்காரர் வந்தாரு, நாங்க போன அந்த ரிசார்ட்டு இல்ல, வேற. பெங்களூர் ஆளுங்களுக்கு இங்கிலீஷ்ல விளம்பரம் போடணும்னாரு. போடலாங்க, சனி ஞாயிறு அவங்க வருவாங்க, செவ்வாய் புதன் ஒங்க ரூம்ல யாரு இருக்காங்கன்னு கேட்டேன். ரெண்டு செகண்டு பேசல. அரையாண்டு லீவுல பாதிக்கு மேல வாரநாள்தான், தறிக்காரங்க, சின்ன கடைக்காரங்க குடும்பமெல்லாம் கூட்டம் இல்லாத நாளாப் பாத்து வருவாங்க, அஞ்சு பேருக்கு ஒரு ரூமு, சமைக்க ஒரு அடுப்பு, எல்லாம் சேத்து ஒரே விலை, தமிழ்ல, சுத்தி எழுபது கிலோமீட்டருக்குள்ள மட்டும்னு ஒரு சாம்பிள் அடிச்சுக் காட்டுனேன். அடுப்பு குடுத்தா எங்க ஓட்டல்ல யாரு சாப்பிடுவாங்கன்னு கேட்டாரு. மீன்கடை அக்கா நம்பர் குடுத்து பேசிப் பாருங்கன்னேன். யோசிச்சு சொல்றேன்னு போயிருக்காரு, லீவுக்கு இன்னும் மூணு வாரம் இருக்கு.